கழற்றி எறிந்த மஞ்சள் விளக்கு

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் இருக்கும். அப்போது நான் இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். நாலு பேரை ஏற்றிக்கொண்டு நானுஓயா மேட்டில் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும். பின்னால் வருகிற பஸ்காரர் ஹோர்ன் அடித்தே மானத்தை வாங்குவார்.

நுவரெலியாவில் ஒரு கராஜ்காரர் காரின் கம்ப்யூட்டர் சிப்பை மாற்றித் தருகிறார், வண்டி பறக்கும் என்றார்கள். போனேன். பந்தயக் கார்களுக்கே செய்கிறவராம். பழைய சிப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினார். பறக்கத்தான் செய்தது. ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. எஞ்சினும் இடையிடையே திக்கியது. மறுபடி போய்க் காட்டினேன். அந்த மனிதர் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை.

"அது சும்மா பயங்காட்டுற லைட்டுங்க. கண்ண உறுத்துதுன்னா கழட்டிர்றேன்" என்றார். டேஷ்போர்டைப் பிரித்து பல்பைப் பிடுங்கி எறிந்தார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

நாலே நாளில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். காலை நேரம், நல்ல மழை. நானுஓயா மேட்டின் பாதியில் எஞ்சின் நின்றுவிட்டது. சாவியை எத்தனை முறை திருகியும் அசையவில்லை. பின்சீட்டில் அந்தப் பெண் வலியில் முனகினாள்.

பக்கத்து மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி நடுரோட்டில் நின்று, அவ்வழியே வந்த கொழுந்து லொறியை மறித்தாள். மற்றவர்கள் மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளிகளை லொறிக்குள் விரித்து, "பயப்படாத தங்கச்சி, நாங்க இருக்கோம்" என்று அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். நானும் லொறியில் தொற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குள் போன அரைமணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

வராந்தாவில் நின்ற புருஷனிடம் சிப் மாற்றியதையும் விளக்கைப் பிடுங்கியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"முன்னமே சொல்லியிருந்தா வேற வண்டி பாத்திருப்போமேண்ணே" என்றார்.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு அந்த மனிதர் கேட்டார்: "அந்த சிப்புக்கு ஒசந்த ரகப் பெற்றோல் அடிக்கணும், இல்லாட்டி எஞ்சின் திக்கி நின்னுரும், தெரியாதா? தோட்டத்து ஆளுங்கள ஏத்துற வண்டிக்கு ஒங்கள யாரு இதெல்லாம் போடச் சொன்னது?" பொருத்தும்போது பெற்றோலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவரில்லை. பல்பைப் பற்றிக் கேட்டதும், அப்படியொன்றைத் தொடவே இல்லை என்று சாதித்தார்.

அங்கே கார் எடுக்க வந்திருந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரியணும். எரியாவிட்டால் இவர் பல்பைப் பிடுங்கிவிட்டார் என்று அர்த்தம்." ஒரு சிங்கள அம்மா தன் காரில் ஏறித் திருப்பினார். எரியவில்லை. இன்னொருவரின் காரிலும் எரியவில்லை.

அந்த அம்மா இறங்கி வந்து கராஜ்காரரின் எதிரிலேயே நின்றார். சத்தம் போடவில்லை. "முதலில் இவருடையதைச் சரிசெய், பிறகு எங்களுடையதை. அதுவரை நான் போகமாட்டேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, என் பழைய சிப்பை எடுத்துப் பொருத்தினார். புது பல்பும் போட்டார்.

அவர் மீதான கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் பிழையை மறைத்து அந்தத் தம்பதியை வண்டியில் ஏற்றியது நான்தான் என்பதை நினைக்கும்போது, அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என் பக்கமே திரும்புகிறது.