கோட்டை மேலிருந்து நைனா கூவியது

வடக்கே ஒரு சின்ன நகரம். பேர் வேண்டாம், சொன்னால் எனக்கு வயிறு எரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், மலை விவசாயிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று ஜவ்வாது மலையிலிருந்து எங்களில் இருபது பேரை ரயிலேற்றிக் கூட்டிப்போனார்கள். எனக்குப் போக இஷ்டமில்லை. நைனாவுக்குத் துணையாகப் போனேன். அவரும் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தம்பியைத் தேடிப் போனார்.

தம்பி போர்வெல் லாரியில் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் போனதற்குக் காரணம் நான். ஆட்டைச் சாமைக் கொல்லையில் மேயவிட்டான் என்று எல்லார் முன்னாலும் அவனைச் செருப்பால் அடித்தேன். மறுநாள் போளூருக்கு இறங்கிப் போனவன் திரும்பவில்லை. ஒரே ஒரு கார்டு போட்டான். அதில் இந்த நகரத்தின் பேர் இருந்தது. அந்தக் கார்டும் அவனுக்கென்று எடுத்துவந்த சாமை அரிசியும் நைனாவின் மஞ்சள் பையில் இருந்தன.

காலையில் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். வழிகாட்டி கையில் குடையோடு முன்னால் நின்று இந்தியில் பேசிக்கொண்டே வந்தான். எங்களைக் கூட்டிவந்த போளூர்க்கார ஆபீசர் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை தமிழில் சொன்னார். ஒரு குளம், ஒரு சமாதி, ஒரு அரண்மனை. நைனா எதையும் பார்க்கவில்லை. தெருவில் போகிற ஆட்களின் மூஞ்சியைத்தான் பார்த்தார்.

சமாதி வாசலில் ஆபீசரிடம் கேட்டார். "சார், எம் பையன் இந்த ஊர்லதான் கீறான். செத்த வுடுங்க, கேட்டுட்டு வந்துட்றேன்."

"யார்கிட்ட கேப்ப?"

"மொத வூட்ல கேட்டா சொல்லிடப் போறாங்க."

"இது இன்னா உன் மலையா? ஏறு பெருசு, பஸ்ஸுல ஏறு. நீ தொலஞ்சு போனா உன்ன தேட இன்னொரு டூர் போடணும்."

பஸ்ஸில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மத்தியானம் கோட்டை. உச்சியில் நின்றால் முழு நகரமும் தெரிந்தது. வழிகாட்டி குடையை நீட்டி எதையோ காட்டினான். நைனா பையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் வாயோரம் குவித்துக் கூவினார்.

எங்கள் மலையில் வீடுகள் கொல்லைக்கொன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும். வீட்டுக்கு ஒரு கூவல் உண்டு. எங்களுடையது இரண்டு குட்டை, ஒரு நீளம். கேட்டவன் எந்தச் சரிவில் இருந்தாலும் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று திருப்பிக் கூவ வேண்டும். சண்டையில் இருந்தாலும் கூவலுக்குப் பதில் தராமல் இருக்கமாட்டார்கள். மேட்டில் நின்று கூவினால் கேட்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. கீழே இருந்தது பள்ளத்தாக்கு இல்லை, லாரியும் ஹாரனும் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

மூன்று முறை கூவினார். எங்கள் ஆட்கள் இப்போது சிரிக்கவில்லை. எல்லாரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வழிகாட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தான்.

கீழே படிக்கட்டிலிருந்து ஒரு கூவல் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். எவனோ வேடிக்கை பார்க்க வந்தவன் அப்படியே திருப்பிக் கூவிவிட்டுச் சிரித்தான்.

"அவன் இல்ல," என்றார் நைனா. "அவனா இருந்தா மாத்தி கூவுவான்."

ஆபீசர் என்னிடம் வந்தார். "உங்கப்பன கொஞ்சம் அடக்கறியா? மானத்த வாங்கறாரு."

நான் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "போதும், வா நைனா."

அவர் என்னைப் பார்த்தார். செருப்பால் அடித்த நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்போதும் கேட்கவில்லை.

"எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. நீ ஒருவாட்டி கூப்புடு. உன் கொரல் பெருசு. நீ கூப்ட்டா வருவான்."

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. நாற்பது வருஷமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அதனால் இல்லை. ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம், அவ்வளவுதான்.

நைனா பையை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் படியிறங்கினார். அதற்குப் பிறகு, செத்துப்போகும் வரை, எங்கள் கொல்லையில்கூட அவர் கூவி நான் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றாலும் சரிவெல்லாம் இறங்கி நடந்துதான் வருவார்.

சாமை அரிசி பையோடு மலைக்கே திரும்பி வந்தது. வண்டு பிடிக்கும் முன்னால் அதை ஆக்கித் தின்றோம்.