சிரிக்கிற தெய்வத்துக்கு வரைந்த தென்னம்பிள்ளை

பனச்சமூட்டில் ஒரு பிளெக்ஸ் அச்சுக் கடையில் எனக்கு வடிவமைப்பு வேலை. கோயில் திருவிழா, சபைக் கன்வென்ஷன், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் தமிழிலும் மலையாளத்திலும் செய்து கொடுப்பேன். பிள்ளையார் படத்தைப் பெரிதாக்கி மஞ்சள் வெளிச்சம் போடுவதை அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை, அது வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, இல்லாத தெய்வங்களுக்குச் சின்னம் வரையப் போகிறேன் என்றதும்தான் முகம் மாறியது. "உள்ள தெய்வம் போதாதாக்கும் உனக்கு?" என்றாள்.

அது ஒரு விளையாட்டு. நாங்கள் மூன்று பேர், பூட்டிய கடைக்குள் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவன் கதையை நடத்துவான். மற்ற இருவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவோம். நாடு, ஆறு, சண்டை, சாமி எல்லாம் எங்கள் மூவரின் கற்பனை. நடத்துகிறவன் என் பள்ளித் தோழன், கேரளப் பக்கம் பெருங்கடவிளைக்காரன், வயரிங் வேலை செய்கிறவன். மூன்றாவது ஆள் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ். தெய்வங்களை அவன் உண்டாக்குவான், சின்னம் நான் வரைவேன்.

வரைவதற்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தன் கரித்துண்டால் சுவரில் நாலே கோட்டில் போட முடிய வேண்டும், முகம் கூடாது. வெறும் சிலுவை மட்டும் தொங்கும் பழைய மிஷன் சபையில் வளர்ந்தவளுக்கு சாமி முகம் வரையக் கை வராது என்பதுதான் உண்மை. சட்டம் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். ஆறு கடக்கிறவர்களின் தெய்வத்துக்கு ஒரு துடுப்பும் ஒரு அலையும். பொய் சொல்கிறவர்களின் தெய்வத்துக்கு முழுதாக மூடாத ஒரு வட்டம். அந்த வட்டத்தில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

போன வருஷம் மழைக்காலத்தில் அவனுடைய அப்பா இறந்துபோனார். நான் போனேன், முன்முற்றத்தில் அரை மணி நேரம் நின்றேன், அவசரமாக அடிக்க வேண்டிய போர்டு ஒன்று இருந்ததால் திரும்பிவிட்டேன். பிறகு நடந்த சடங்கு எதற்கும் போகவில்லை. விளையாட்டு பல மாதம் நின்றுபோனது. அப்பாவைப் பற்றி அவன் ஒரு சொல் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "இந்த ஞாயிறு வாறேன்" என்று அவனே கூப்பிட்டுச் சொன்னபோது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். எதையும் சீக்கிரம் முடித்துவைக்கப் பார்க்கிற புத்தி எனக்கு.

அந்த ஞாயிறு வந்ததுமே ஒரு தெய்வம் கேட்டான். "நெறஞ்ச வீட்டுக்கு ஒரு தெய்வம் வேணும் மக்கா. எல்லாரும் ஒண்ணா இருந்து தின்னுத வீடு."

எனக்கு எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை நினைவுக்கு வந்தது. அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். வாழைக்குலை, சேவல், சேனை, கடைசியில் முளைவிட்ட தேங்காய் ஒன்று. ஏலம் எடுத்தவரே தென்னம்பிள்ளையைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு தடவை விடச் சொல்வார். ஆள் மாறி ஆள் கைக்குப் போய் அது சுற்றிவர, சபை முழுக்கச் சிரிப்பாகக் கிடக்கும். எனக்குத் தெரிந்து அதைவிடச் சந்தோஷமான பொருள் கிடையாது. தேங்காய்க்கு ஒரு வளைவு, தண்டுக்கு ஒரு கோடு, இலைக்கு இரண்டு. நாலே கோடு.

அடுத்த ஞாயிறு அதை அவன் முன்னால் வைத்தேன்.

"இது என்னது?" என்றான்.

"சிரிக்கிற தெய்வமாக்கும் எலே. இது முளைச்ச வீட்டில அழுகையே கெடையாது."

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நோட்டை மூடினான். பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டான். "நான் வாறேன்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

நர்ஸ்தான் சொன்னாள். "நீ அறியலியா? அவங்க வீட்டு வளவிலேயே அப்பாவ எரிச்ச எடத்தில தெங்கு நட்டிருக்கு. எங்க ஆளுகளுக்கு அப்படியொரு வழக்கம் உண்டு. அவன்தான் நட்டான். பெறவு வீட்டுக்குத் தெக்குப் பக்கம் அவன் போனதே இல்ல."

எங்களுக்குச் சாவு என்றால் கல்லறைத் தோட்டம், சிலுவை, பெயர், தேதி. எத்தனை கண்ணீர் அஞ்சலி அடித்திருக்கிறேன்! அந்த வீடுகளின் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கத்தில் என் மேலேயே எரிச்சல் வந்தது. அவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டு ஞாயிறு விளையாட்டு மேசை காலியாகவே கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த ஒருவனை நாலு கோட்டில் இழந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். வாசலில் நின்றிருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. "தெரியாம செஞ்சிட்டேன். மன்னிச்சிரு" என்றேன்.

"நீ அறிஞ்சு செஞ்சதில்லியே" என்றான். "எனக்கு அந்தத் தெங்கப் பாத்தா கோவமாக்கும் வருது. அப்பா போயாச்சு, அது மட்டும் எலை விடுது. அம்மைதான் தண்ணி ஊத்துது. என்னால அதத் தொட முடியல்ல. கொள்ளி வச்ச கையாக்கும் இது. இந்தக் கையாலதான் அதையும் நட்டேன்."

எங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் உடனே ஜெபிக்கலாம் என்போம். அது வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். "நான் அதப் பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ போ. நான் இங்க நிக்கேன்."

தெற்குப் பக்கம் போனேன். என் முழங்கால் உயரம்தான் இருந்தது. நான் வரைந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏலத்துக்கு வருவது பார்க்க அழகான பிள்ளை. இது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓர் இலை பாதி இல்லை. தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்து வரையத் தொடங்கினேன். சின்னத்துக்காக இல்லை, அவன் அப்பாவுக்கு நான் செய்யாமல் விட்ட மரியாதை அது. காற்று விடவில்லை.

"அங்க என்ன செய்யுத?" வீட்டு மூலையிலிருந்து கேட்டான்.

"வரையுதேன். காத்து அசைக்கு, கோடு நிக்கல்ல."

பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழித்து, கையை நீட்டி இலையை அசையாமல் பிடித்தான்.

"இது ஆடு கடிச்சது" என்றான். "அதையும் போடு."

போட்டேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. படம் முடிந்துவிட்டது. அவன் கையை எடுக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் வரைகிறவளைப் போலப் பென்சிலை அசைத்துக்கொண்டே இருந்தேன்.