சிஞ்ஞோரா தந்த சாவி

என் மேசை இழுப்பறையில் முனை வளைந்த சிறிய இரும்புச் சாவி ஒன்று கிடக்கிறது. அது எந்தப் பூட்டையும் திறக்காது. அம்மா வேலை செய்த வீட்டில், சமையலறைச் சிங்கின் கீழே, சாப்பாட்டுக் கழிவை அரைத்துத் தண்ணீரோடு அனுப்பும் இயந்திரம் ஒன்று இருந்தது. அது இறுகி நின்றால் அடித்துளையில் செருகித் திருப்புவதற்கான சாவி. தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில் அப்படியோர் இயந்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாங்கள் சிஞ்ஞோரா, அதாவது அம்மையார், என்று அழைத்த வீட்டுக்காரியின் தம்பி அமெரிக்காவிலிருந்து அனுப்பியது.

அது நின்றுபோன வாரம்தான் அம்மாவின் வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, முடிய இருந்தது. புதுப்பிக்க சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டும். முதலில் இயந்திரம் ஓடட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர் சொல்லிவிட்டார். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்போது பதினேழு வயது. நாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாவிலிருந்து அந்த வீடுவரை அம்மாவுக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தேன்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சிங்கின் கீழே தலையை நுழைத்து, சாவியை முன்னும் பின்னும் அசைத்தேன். மெல்ல இளகியது. மேலிருந்து இடுக்கியால் இழுத்தபோது நார்நாராக வந்தது குருத்தோலை. குருத்தோலை ஞாயிறன்று தேவாலயத்தில் மந்திரித்த, பின்னல் போட்ட போன வருடத்து ஓலை. சிஞ்ஞோரா அதைக் குப்பை வாளியில் போட்டிருந்தார். மந்திரித்த ஓலையைக் குப்பையில் எறியக் கூடாது, எரிக்க வேண்டும்; எரிக்க அங்கே இடமில்லை. அந்த வீட்டிலிருந்து குப்பையைக்கூட அம்மா பையில் வைத்துக் கொண்டுவர முடியாது.

"மந்திரிச்ச ஓலை, பிள்ளை. குப்பைக்கை கிடக்க விடலாமே? தண்ணியோடை போகட்டும் எண்டுதான் எடுத்து மெசினுக்கை போட்டனான்," என்றார் அம்மா. பிறகு என் கையைப் பிடித்து, "கீரைத்தண்டு எண்டு சொல்லு," என்றார்.

சிஞ்ஞோரா வந்து, என்ன அடைத்தது என்று கேட்டார். இயந்திரத்தை ஓடவைத்த பெருமை எனக்கு இன்னும் தணியவில்லை. அந்த அறியாமை என்னுடையதல்ல என்று அவருக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூடத்து இத்தாலியனில் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே சிரித்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இனி உன் தாயை நம்ப முடியாது, நீயே வைத்திரு என்று சாவியை என்னிடம் தந்தார்.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் அம்மா நின்றார்.

"அவ சிரிச்சது பரவாயில்லை. முதல் சிரிச்சது நீ."

அதன் பிறகும் ஆறு வருடம் அம்மா அங்கே வேலை செய்தார். விருந்தினர் வந்தால் சிஞ்ஞோரா அந்தக் கதையைச் சொல்வாராம். அம்மா கோப்பித் தட்டோடு நிற்பாராம். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. அங்கே பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண் சொன்னாள்.

இப்போது நான் மற்றவர்களின் பத்திரங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருக்கிறேன். குருத்தோலை ஞாயிறு வருமுன் அம்மா என் வீட்டுக்கு வந்து, சுவரிலிருக்கும் பழைய ஓலையைத் தானே கழற்றிக் கைக்குட்டையில் சுற்றுகிறார். நான் எரித்துவிடுகிறேன் என்றால், "வேண்டாம் பிள்ளை, நான் கொண்டு போறன்," என்கிறார். குரலில் கோபமில்லை. இழுப்பறையில் அந்தச் சாவி கிடப்பது அவருக்குத் தெரியும். எறிந்துவிடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.