அம்மா ஊதிய வயிறு

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். கடையின் பின்புறமே வீடு. கம்ப்ரசர் ஓடினால் சமையல்கட்டில் தம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடும். மலையேறி வந்த வண்டிகள் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் நிற்கும். சப்பையாகக் கிடக்கிற டயரை அப்பா, அழுத்தம் காட்டும் கேஜில் எத்தனை பவுண்டு என்று பார்த்துப் பார்த்து ஊதி நிமிர்த்திவிடுவார். ஆகவே ஊதுவது என்றால் எனக்கு நல்ல காரியம். எங்கள் வீட்டுச் சோறே அதில்தான் வந்தது.

அம்மாவும் ஊதுவாள். ஒன்றரை வயதுத் தம்பியைக் குளிப்பாட்டித் துடைத்ததும் அவன் வயிற்றில் வாயை வைத்துப் 'புர்ர்ர்' என்று ஊதுவாள். அவன் கலகலவென்று சிரிப்பான். கம்ப்ரசர் சத்தத்துக்குப் போட்டியாக அவன் சிரிப்புச் சத்தம் கடைவரை கேட்கும்.

தொண்ணூற்றேழில், எனக்கு ஏழு வயது இருக்கும்போது, அந்தச் சிரிப்பு ஒரு நாள் நின்றது. தம்பி காலை மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுவான், பிறகு ஓய்ந்து துவண்டு கிடப்பான், மறுபடி வீரிடுவான். குடித்த பாலைக் கக்கினான்.

"ஏனுங்க, சேலத்துக்குக் கொண்டுபோயிருலாங்க. இது சும்மா அழுகையில்லீங்க," என்றாள் அம்மா.

அப்பா ஒரு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். "பலாச்சொளை கிளை தின்னிருப்பான். வாயுதான் புள்ள, தானா எறங்கீரும். எதையெடுத்தாலும் ஊதிப் பெருசாக்கறதே உனக்கு வேலையாப் போச்சு."

அம்மா எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள்தான். நான் இருமினால் காசநோய் என்பாள், மாமா ஒரு பஸ்ஸைத் தவற விட்டால் பஸ் கவிழ்ந்துவிட்டது என்பாள். அதனால் அப்பா சொன்னதை அவளே பாதி நம்பி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை தம்பியின் வயிறு காற்றடைத்த பந்துபோல உப்பியிருந்தது. தோல் மினுமினுத்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா தினமும் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்பா அத்தனை சொல்லியும் கேட்கவில்லை. இப்போது பெருசாகிவிட்டது.

வாசலில் பேளுக்குறிச்சி சந்தைக்கு அன்னாசிப்பழம் ஏற்றிய வேன் காற்றுப் பிடிக்க நின்றது. அதன் சொந்தக்காரரை எல்லாரும் பாய் என்போம். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்காமல் நேராக அவரிடம் போனாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி பச்சைப் பச்சையாக வாந்தியெடுத்தான். பாய் அதைப் பார்த்தார்.

"காத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஏறுங்கம்மா," என்றார். அப்பாவைப் பார்த்து, "என்னத்த நின்னு பாக்கறீங்க? ஏறுங்க சாமி!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பழங்களுக்கு நடுவே நானும் உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு அன்னாசிகள் என் மேல் சரிந்தன. பேளுக்குறிச்சி சந்தையில் பாயின் ஆட்கள் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். வேன் நிற்கவே இல்லை.

சேலத்தில் டாக்டர் தம்பியின் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். பிறகு, "எப்ப இருந்து இப்பிடி இருக்குது?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். பெரியவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் உதவிக்குப் போனேன்.

"எங்கம்மா ஊதித்தானுங்க பெருசாச்சு. ஊதாத, ஊதாதன்னு அப்பா சொன்னாருங்க. கேக்கலைங்க."

நர்ஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா மட்டும் என்னையோ டாக்டரையோ பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

டாக்டர் தன் சட்டைக் கையை உள்பக்கமாகச் செருகிக் காட்டினார். குடலில் ஒரு பகுதி இப்படி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது, பின்வழியாகக் காற்றைச் செலுத்தினால் மடிப்பு வெளியே வந்துவிடலாம், வராவிட்டால் ஆபரேஷன் என்றார். உப்பின வயிற்றுக்கு இன்னும் காற்றா என்று எனக்கு ஒரே குழப்பம்.

அப்பா கை கட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"டாக்டருங்க... எத்தன பவுண்டு வெப்பீங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை.

"காத்துங்க. எத்தன பவுண்டுங்க? கேஜு இருக்குதுங்களா? கேஜு சரியாக் காட்டுமுங்களா?"

இப்போது டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அப்பாவின் விரல் நகங்களில் அப்பியிருந்த கறுப்பைப் பார்த்தாரோ என்னவோ, சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கேஜு இருக்குதுங்க. ரெண்டு பவுண்டுக்கு மேல போகாது. நான் கண்ணை எடுக்காமப் பாத்துக்கறேன்," என்றார்.

தம்பிக்குச் சரியாகிவிட்டது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. இன்று அவனுக்கே தொப்பை விழுந்துவிட்டது. ஆனால் அப்பா கேட்ட கேள்வி எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. மாமா அதை வருஷத்துக்கு வருஷம் ஊதினார். அவர் சொல்கிறபடி அப்பா டாக்டர் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி, "நவுருங்க, இது நம்ம தொழிலு" என்றிருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லுவார், எல்லாரும் புரையேறச் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். நானும் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அம்மா ஒருத்தி மட்டும் சிரித்ததில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு, "சோத்தைத் தின்னுங்க" என்பாள்.

போன மாதம் என் மகளை ஒரு சின்ன ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். சின்னதுதான், முடிந்தும்விட்டது. அன்று அவளுக்காகக் காத்திருந்த நேரத்தில், சேலத்து ஆஸ்பத்திரியில் நான் பார்த்தும் யாரிடமும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது.

தம்பியோடு அம்மாவை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நானும் அப்பாவும் வெளியே நின்றோம். உள்ளே ஏதோ கருவி உஸ்ஸென்றது. அப்பா கண்களை மூடிக்கொண்டார். அவருடைய கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றார்.

எனக்கு இந்த விளையாட்டுத் தெரியும். நானும் அவர் பக்கத்தில் போய் நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தேன். என்னால் ரொம்ப நேரம் முடியவில்லை. புஸ்ஸென்று விட்டுவிட்டுச் சிரித்தேன்.

அப்பா விடவில்லை. அவர்தான் ஜெயித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.