தராசு மிஸ் பூசைக்கு வருகிறார்

பிரசங்கம் தொடங்கிய கையோடு வலண்டீனா பையிலிருந்து கொப்பியை எடுத்துவிடுவார். தேவாலயத்தின் கடைசி வாங்குப் பலகையில், என் பக்கத்தில்தான் இருப்பார். பாதர் இயேசு செய்த ஒரு புதுமையைச் சொன்னால் இவர் ஒரு கேள்வியை எழுதுவார். ஐயாயிரம் பேருக்கு அப்பமும் மீனும் பகிர்ந்த கதை வந்த ஞாயிறு, எட்டிப் பார்த்தேன். "ரெண்டு மீனும் என்ன நிறை?" என்று எழுதியிருந்தார்.

கேட்கவேண்டியவர்தான். சந்தைகளில் தராசுகளைப் பரிசோதித்து முத்திரை குத்துவது இவருடைய உத்தியோகம். மட்டக்களப்பு மீன்காரர்களுக்கு இவர் 'தராசு மிஸ்'. வாவிக்கரையில் இவருடைய ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் பாதித் தராசுகள் சாக்குக்கு அடியில் போய்விடும். ஐம்பது கிராம் பிழைக்காக மீன்காரர் பிறின்ஸின் தராசைத் தூக்கிக்கொண்டு போனவர். அந்தப் பிறின்ஸ் எங்கள் தேவாலயத்தில் முன்வாங்கில் முழந்தாளில் நிற்கிற ஆள். மிஸ் முதன்முதல் பூசைக்கு வந்த அன்று பிறின்ஸ் என்னிடம் மெல்லக் கேட்டார்: "இஞ்சயும் செக் பண்ண வந்திட்டாவா?" ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும், மிஸ் இருந்த பக்கம் திரும்பப் பயந்து தூணைப் பார்த்துக் கைகூப்பினார்.

மிஸ்ஸின் வீட்டில் சாமி படமே கிடையாது. அப்பா பழைய இடதுசாரி. கும்பிடுகிற நேரத்துக்குப் பேப்பர் வாசி என்று சொல்லி வளர்த்தவர். விண்வெளிக்குப் போன ருஷ்யப் பெண்ணின் பெயரை மகளுக்கு வைத்தார். அந்தப் பெயரைக் கேட்ட எங்கள் ஆட்கள் பரம்பரைக் கத்தோலிக்கர் என்று முடிவுகட்டி, இரண்டாம் கிழமையே வாசகம் வாசிக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். "எனக்கு ஞானஸ்நானமே இல்லையே" என்று மிஸ் சொன்னதும், புத்தகத்தை நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

பிறகேன் வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். உயிர்த்த இயேசு கரையில் நிற்க, சீடர்கள் வலை இழுத்த கதையைச் சொன்னார்.

"நூத்தைம்பத்து மூண்டு மீன் எண்டு கிடக்கு. பொய் சொல்றவன் இருநூறு எண்டுதான் சொல்லுவான். ஆரோ குந்தியிருந்து எண்ணியிருக்காங்க. கடவுள் இருக்காரோ இல்லையோ, அது எனக்குத் தெரியா. ஆனா அந்தக் கரையில நானும் நிண்டிருக்கலாம் போல கிடக்கு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த மனுசிக்குள் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தாறு வயதில் செசீலியா டீச்சரின் மறைக்கல்வி வகுப்பில் சேர்ந்தார். உயிர்ப்பு விழாவுக்கு ஞானஸ்நானம் என்று நாளும் குறித்தாயிற்று. வெள்ளைச் சேலை வாங்கி, அதை என்னிடம் மூன்று தரம் காட்டினார்.

அதற்கு முந்திய சனிக்கிழமை ஒத்திகை. "விசுவசிக்கிறீர்களா?" என்று பாதர் கேட்க, வகுப்பில் இருந்த மற்ற நால்வரும் "விசுவசிக்கிறேன்" என்றார்கள். மிஸ் வாய் திறக்கவில்லை.

"சொல்லு புள்ள, ஒத்திகைதானே" என்றார் டீச்சர்.

"ஒத்திகையெண்டாலும் பொய்தானே டீச்சர். தராசு முள்ளு இன்னும் ஒரு இடத்தில நிக்கல்ல."

"அப்ப அந்தச் சேலை?"

"அது கிடக்கட்டும்."

பாதர் கோபிக்கவில்லை. "நிக்கிற அண்டைக்குச் சொல்லுங்க, காத்திருப்பம்" என்றார். செசீலியா டீச்சருக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதே கேள்விக்கு வருடாவருடம் கொட்டாவி விட்டபடி பதில் சொல்கிறவர்கள் நாங்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று பிறின்ஸ் அடித்துச் சொன்னார். உயிர்ப்பு ஞாயிறு காலை மிஸ் வந்தார், பழைய கத்தரிப்பூச் சேலையில். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாசலில் காவல் நிற்கிற பொலிஸ்காரர் கேட்கமுதலே பையைத் திறந்து காட்டினார்.

நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழும்பியது. இரண்டு வருடமாக அந்த நேரத்தில் வாங்கைவிட்டு அசையாதவர் எழுந்து போனார். ஞானஸ்நானம் இல்லாதவர் அதை வாங்கக்கூடாதே என்று பின்னாலேயே போனேன். முதல்நன்மை என்கிற முதல் நற்கருணையை இன்னும் எடுக்காத பிள்ளைகள் மார்பில் குறுக்கே கைகட்டிப் போனால், பாதர் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். அந்த ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் தராசு மிஸ் கைகட்டி நின்றார். முன்னால் நின்ற சிறுமி அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்களும் இன்னும் எடுக்கல்லயா?"

"இன்னும் இல்ல மகள்."

பாதர் குனியவேண்டி இருக்கவில்லை. பெருவிரலால் சிலுவை போட்டார்.

வாங்குக்குத் திரும்பியதும் மிஸ் கைக்குட்டையை எடுத்தார். சித்திரை வெக்கை. கழுத்தைத் துடைத்தார், கன்னங்களைத் துடைத்தார். நெற்றிக்குப் போன கை பாதியில் நின்றது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணுக்குள் இறங்கிய வேர்வையைச் சிமிட்டிச் சிமிட்டிச் சமாளித்தார்.