அண்ணாவுக்காக நான் மொழிபெயர்த்த பேச்சு

2011இல் ஒரு புதன்கிழமை பின்னேரம், பாரிஸில், லா ஷப்பலில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில், அப்பாவுக்கும் பேஸ்பால் பயிற்சியாளருக்கும் நடுவில் என்னைச் சோபாவில் இருத்தினார்கள். எனக்குப் பதினொரு வயது. எதிரே கதிரையில் அண்ணா, லீசே என்கிற மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருட மாணவர். எங்களுக்காக எப்போதும் பிரெஞ்சு பேசுபவர் அவர்தான். ஆனால் அன்று அவர் வாய் திறக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "தன்ரை கேசுக்குத் தானே மொழிபெயர்க்கக் கூடாது. சின்னவள் சொல்லட்டும்" என்றார். அகதி விசாரணையில் அரைநாள் இருந்துவிட்டு வந்த அப்பாவுக்கு அதற்குப் பிறகு உலகத்தில் எல்லாமே விசாரணைதான்.

சொந்தக்காரர்களிடம் அப்பா பேஸ்பாலை "ஒருமாதிரிக் கிரிக்கெட்" என்று சொல்லிச் சமாளித்துவந்தார். அண்ணா பந்து எறிபவர். எங்கள் வீட்டில் எறிய இடமேது? நடையில் நின்று, துவாய்த் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, எறிவதுபோலக் கையை வீசுவார். ஒவ்வொரு நாளும் நூறு தரம். துவாயெல்லாம் நார்நாராய்ப் போகிறது என்று அம்மா புறுபுறுப்பார். மழையோ பனியோ, ஞாயிறு விடிந்தால் அண்ணா மைதானத்தில்தான். மற்ற நாட்களில் அவர் எங்கள் குடும்பத்தின் வாய். வதிவிட அட்டை தரும் பிரிஃபெக்சர், ஆஸ்பத்திரி, என் பள்ளிக்கூடம், நேரம் குறித்துத் தருகிற எல்லா ரொந்தேவூவுக்கும் அவரே போவார். பயிற்சிப் பையில் கையுறைக்குப் பக்கத்தில் எங்கள் கடுதாசிகளும் இருக்கும்.

பயிற்சியாளர் நல்ல மனிதர். தெற்கே ஒரு நகரத்தில், விடுதியோடு கூடிய லீசே ஒன்றுக்கு அண்ணாவைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்றார். செலவில்லை. படிப்பும் குறையாது; காலையில் வகுப்பு, பின்னேரம் பயிற்சி, பள்ளி முடிவில் எல்லோரும் எழுதும் அதே பாக் பரீட்சை. மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது.

அப்பா என்னைப் பார்த்தார். "படிப்பு என்னமாதிரியாம்?"

"பாதிதானாம் அப்பா. பாக் சோதனை எடுக்கேலாதாம்."

ஏன் சொன்னேன் என்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும். மூன்று கிழமைக்கு முன்னர், அண்ணா அந்தத் தெரிவுக்குப் போன நாளில்தான் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. அண்ணாவுக்குப் பதிலாக நான் கூடப் போனேன். கருப்பையை எடுக்க வேண்டும், உள்ளே இருப்பது புற்றுநோயா என்று அதற்குப் பிறகுதான் தெரியும், இதை அம்மாவிடம் சொல் என்றார் டாக்டர். கருப்பை என்ற சொல்லே எனக்குத் தெரியாது. அம்மாவின் வயிற்றைத் தொட்டுக் காட்டி, இதை வெட்டப் போகினமாம் என்றேன். அம்மா அழாமல் என் தலையைத் தடவினார். அண்ணா போய்விட்டால் இனி எல்லாவற்றையும் நான்தான் சொல்ல வேண்டும் என்ற பயம் என்னை விடவே இல்லை.

அந்த அறையில் இரண்டு மொழியும் விளங்கிய இன்னொருவர் அண்ணா மட்டுந்தான். நான் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். "படிப்பில்லாட்டில் வேண்டாம்" என்று அப்பா எழுந்துவிட்டார். "அப்பாவுக்கு விருப்பமில்லை" என்று மட்டும் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் அண்ணாவிடம், உனக்கும் விருப்பமில்லையா என்று கேட்டார். அண்ணா ஆமென்று தலையை ஆட்டி, அவரைப் படிவரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது; புற்றுநோய் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் அண்ணாதான் கூடப் போனார். பாக் முடிய, லா ஷப்பலில் ஒரு கைபேசிக் கடையில் சேர்ந்தார், இன்றைக்கும் அங்கேதான். நான் லியோனுக்குப் படிக்கப் போனேன், அங்கேயே வேலையும் கிடைத்தது. நாள் முழுக்கப் பிரெஞ்சு பேசுகிற வேலை.

போன மாதம் கடைக்குப் போனபோது கேட்டுவிட்டேன். "அண்டைக்கு ஏன் அண்ணா ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் கைபேசி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லத்தான் வெளிக்கிட்டனான். உன்ரை கை நடுங்கிச்சுது."

இரண்டு மணிக்கு அப்பாவுக்கு இருதய டாக்டரிடம் ரொந்தேவூ இருந்தது. "இண்டைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன் அண்ணா" என்றேன்.

"வேண்டாம். உனக்கு அது பயம்" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்தார்.