மீன் ஆட்டோவும் மத்தியான வெயிலும்

ஐந்து வருடம் கழித்து எந்தத் தெருவில் எவ்வளவு கரண்ட் இழுப்பார்கள் என்று இன்றைக்கே சொல்வது என் உத்தியோகம். கிளி ஜோசியர்கூட இவ்வளவு துணிய மாட்டார். தூத்துக்குடியில் மின்சாரத் திட்டப் பிரிவில் இன்ஜினியராக இருக்கிறேன். பியூஸ் போனால் பேச்சு வாங்கும் சக உத்தியோகஸ்தர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

ஞாயிறு பகல்

திரேஸ்புரத்தில் மீன் ஏற்றும் ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக மின்சார ஆட்டோவாக மாறின. தெரு டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று வேலைநாட்களில் அளந்து பார்த்து, தாராளமாகத் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை டப்பென்று போயிற்று. அன்று அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் எல்லா ஆட்டோவையும் ஒரே நேரத்தில் சார்ஜில் போட்டிருக்கிறார்கள்.

பெரிய டிரான்ஸ்பார்மர் வரும்வரை வீட்டில் வண்டிக்குச் சார்ஜ் போடாதீர்கள் என்று நானே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. சாத்தான்குளம் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் ஜெசிந்தா அக்கா, என் பேச்சை நம்பி டீசல் ஆட்டோவை விற்று மின்சார ஆட்டோ வாங்கியவர். வண்டி நின்றால் அவர் பிழைப்பே நின்றுவிடும். அவர் என்னை வழிமறித்துக் கேட்டார்.

"ஏன் மேடம், நாங்க கடலுக்கே ஞாயித்துக்கிழம லீவு விடுதோம். அது ஒங்க மிசினுக்குத் தெரியாதோ?"

கூடிப்போன கரண்ட்

அதே வாரம் சாத்தான்குளத்திலிருந்து ஒரு புகார். சந்தைக்குப் பக்கத்தில் மாவு மில் வைத்திருக்கும் அண்ணாச்சி, கூரை முழுக்கச் சோலார் தகடு போட்டிருந்தார். அந்த வட்டாரத்தில் கூரைக்குக் கூரை சோலார். உச்சி வெயிலில் எல்லாக் கூரையும் கரண்டை லைனில் தள்ள, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் வோல்டேஜ் ஏறி, அவருடைய இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்.

"வெயிலும் எனக்குள்ளது, கூரையும் எனக்குள்ளது. கரண்ட மட்டும் வேண்டாம்னு சொல்லுதிய. நான் அத எங்கன கொண்டுபோய்க் கொட்ட?"

மில் வாசல்

கொட்ட வேண்டிய இடம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அக்கா காலையில் சந்தைக்குப் போகிறார், மத்தியானம் திரும்புகிறார். போக வர ஒரு முழு சார்ஜ் போதும். அதை மில் வாசலிலேயே, வெயில் நேரத்தில் ஏற்றிக்கொண்டால் வீட்டில் சார்ஜ் போடவே வேண்டாம். சனிக்கிழமை ஏற்றியது திங்கள் காலைக்கும் தாங்கும். வெயிலிலேயே வண்டி ஓடும் என்று அக்காவிடம் அடித்துச் சொன்னேன்.

அண்ணாச்சி சுத்த சைவம். மீன் வண்டியா, மாவு மில் வாசலிலா என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: மீன் பெட்டி சந்தையிலேயே இருக்க வேண்டும், வண்டியைக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும். அக்கா சீயக்காய் போட்டே கழுவிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து மற்ற மீன் ஆட்டோக்களும் வரிசையில் நின்றன. மத்தியானத்தில் வோல்டேஜ் அடங்கியது, இன்வெர்ட்டர் நிற்காமல் ஓடியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்கா முழு சார்ஜைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். 'மேடம்' காணாமல் போயிருந்தது.

"ஏளா, இந்த ஊர் வெயில்ல கருவாடு காயும்னுதான் எனக்குத் தெரியும். வண்டி ஓடும்னு நீ சொன்னப்ப, ஒனக்கு வெயில் தலைக்கேறிப் போச்சுன்னுல்லா நெனச்சேன்!"

திரேஸ்புரத்துக்குப் போட்ட திட்டம் சாத்தான்குளத்தில் பலித்ததிலிருந்து, எந்த ஊருக்குத் திட்டம் போடச் சொன்னாலும் நான் முதலில் அடுத்த ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறேன்.